இதயத்தின் காதுமடலுக்கு ஒரு மூடி

வானொலியில் பதினோரு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்து விழும் செய்திக்கு நொடியில் தமிழ்ச்சொல் தேடுவது என் வேலையில் பாதி. ஆனால் அன்று அந்த மருத்துவர் அறையில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

மருத்துவர் இளையவர், பொறுமைசாலி. திரையில் ஓர் இதயப் படத்தைக் காட்டி “லெஃப்ட் ஏட்ரியல் அப்பெண்டேஜ்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

“என்னம்மா சொல்றாரு?”

“இதயத்துல ஒரு வால் மாதிரி இருக்காம்ப்பா.”

“வாலா? எனக்கா?”

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது, பழைய உடற்கூறு நூல்கள் அதைக் ‘காது’ என்றே அழைத்திருக்கின்றன. படத்தில் பார்த்தால் நாய்க்குட்டியின் மடிந்த காது போலத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் காதுமடல். அப்பாவின் இதயத்திலுள்ள அந்தக் காதுமடலைச் சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு சிறு மூடி போட்டு அடைத்தார்கள். ஏன் அடைத்தார்கள், அடைப்பதா வேண்டாமா என்று நாங்கள் எப்படித் திண்டாடினோம் என்பதைத்தான் எழுத வந்தேன். இதே கேள்வியோடு இன்னொரு குடும்பமும் எங்காவது சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கக்கூடும்.

பெரியப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

2016ல் ஒருநாள் காலை பெரியப்பா கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். குவளை கையிலிருந்து நழுவியது. பெரியம்மா அதட்டினார். பதில் வரவில்லை. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. 995ஐ அழைப்பதற்கு முன் தைலம் தேய்த்துப் பார்த்ததில் இருபது நிமிடம் போய்விட்டது. உயிர் பிழைத்தார், நடக்கிறார். ஆனால் பேச்சு போய்விட்டது. கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி பிடித்து அறிவிப்புச் செய்தவர் அவர். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு ஒருவகையில் அவர்தான் காரணம். இப்போது அவரிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல். எதைக் கேட்டாலும் “ஆமா” என்பார். வேண்டாம் என்பதற்கும் அதே “ஆமா”தான்.

மருத்துவமனையில்தான் அவருக்கு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ இருந்தது தெரிந்தது. சுருக்கமாக ஏஎஃப். இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு. மேலறைகள் அளவாகச் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். ஏஎஃப் வந்துவிட்டால் அவை சுருங்குவதில்லை, நடுங்குகின்றன. மிருதங்கத்தை வாசிப்பதற்குப் பதிலாக விரல்களால் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. நாடி பிடித்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு நெருங்கி வரும், ஒன்று பிந்தும், எதுவும் தாளத்தில் அடங்காது.

தள்ளப்படாத ரத்தம் தேங்கும். அதிகமாகத் தேங்குகிற மூலை அந்தக் காதுமடல். தேங்கிய ரத்தம் கட்டியாகும். கட்டி ஒருநாள் நழுவி ரத்தத்தோடு மூளைக்குப் போய் ஒரு குழாயை அடைக்கும். ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த கணக்கு. வால்வு நோய் இல்லாத ஏஎஃப் நோயாளிகளிடம் மேலறையில் காணப்படும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தக் காதுமடலில்தான் இருக்கின்றன.

பெரியப்பாவுக்கு அதற்கு முன் நெஞ்சுவலி இல்லை, படபடப்பு இல்லை. அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்துபோய்ப் பலதுறை மருந்தகத்துக்குச் சென்ற அப்பாவுக்கும் எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் ஈசிஜியில் அதே கோணல்மாணல் கோடுகள். அப்போது அவருக்கு வயது 63.

கீரையும் மாத்திரையும்

அப்பாவுக்கு வார்ஃபரின் கொடுத்தார்கள். ‘ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை’ என்கிறோம். உண்மையில் அது ரத்தத்தை நீராக்குவதில்லை, உறைவதைத் தாமதப்படுத்துகிறது.

அதன் கதை சுவையானது. 1920களில் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்தன. காரணம் தேடிப்போன விஸ்கான்சின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பொருளின் வழி வந்ததுதான் வார்ஃபரின். 1948ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954ல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. “எலி மருந்தையா கொடுக்கிறாங்க?” என்று ஒரு வாரம் புலம்பினார்.

எலி மருந்தோ இல்லையோ, வேலை செய்கிறது. ஏஎஃப் நோயாளிகளுக்குப் பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆனால் அது கண்காணிப்போடு வரும் மருந்து. ஐஎன்ஆர் என்ற ரத்தச் சோதனை எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், அடுத்த வாரம் சட்டி நிறைய என்று இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அப்பா பயந்து முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட்டார். தேக்கா சந்தையில் அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

2022ல் மூட்டுவலிக்கு ஒரு நண்பர் எங்கிருந்தோ வாங்கிக்கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் விழுங்கியிருக்கிறார். வலிநிவாரணிகளில் பலவும் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். மலம் கறுப்பாகப் போனதை எங்களிடம் சொல்லவில்லை. புளோக்கின் மின்தூக்கியில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள்.

அதன்பின் புதுவகை மருந்துக்கு மாற்றினார்கள். 2010க்குப் பிறகு வந்த இந்த மருந்துகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை, அடிக்கடி ஐஎன்ஆர் பார்க்கவும் வேண்டாம், மூளைக்குள் ரத்தக்கசிவும் வார்ஃபரினைவிடக் குறைவு. பெரும்பாலானோருக்கு இன்று இதுதான் முதல் மருந்து. அப்பாவின் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சிறுகுடலில் மெல்லிய, எளிதில் கசியும் ரத்தநாளங்கள் இருப்பது குழாய்ப் பரிசோதனையில் தெரிந்தது. ஒன்றைச் சுட்டு அடைத்தால் வேறொன்று கசியும். 2023ல் மீண்டும் மருத்துவமனை. 2024ல் இன்னொரு முறை.

அப்புறம்தான் அந்த பிஸ்கட் டின்.

சாமி மேடையைச் சுத்தம் செய்த அம்மா, விளக்குத்திரி வைக்கும் டின்னுக்குள் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகளைக் கண்டெடுத்தார். எண்ணிப் பார்த்தேன். ஆறு வாரத்து மாத்திரைகள். தினமும் காலையும் இரவும் தண்ணீர்க் குவளையோடு சாமி மேடைப் பக்கம் போவாரே, அது இதற்குத்தானா!

“ரத்தம் கொட்டிச் சாகறதுக்கு இது மேல்” என்றார்.

“பெரியப்பா மாதிரி ஆகிட்டா?” என்றேன். பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதிலும் தவறு காண முடியவில்லை. மூன்று முறை ரத்தம் போனவர் அவர், நான் இல்லை.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “இப்படி நிறுத்துபவர்கள் நிறைய பேர். யாரும் சொல்வதில்லை” என்றார். கட்டியைப் பற்றிய பயம், கசிவைப் பற்றிய பயம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும் அந்த நாள்கள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. அப்போதுதான் அவர் திரையைத் திருப்பி அந்தக் காதுமடலைக் காட்டினார்.

ஒரு வெள்ளி நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது

கட்டி உண்டாகும் இடம் பெரும்பாலும் ஒரே மூலை என்றால், அந்த மூலையையே அடைத்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்த முதல் கருவி 2001ல் மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. இன்று அதிகம் பேசப்படுபவை ‘வாட்ச்மேன்’, ‘ஆம்யுலெட்’ என்ற இரண்டு. அமெரிக்காவின் எஃப்டிஏ வாட்ச்மேனை 2015லும் ஆம்யுலெட்டை 2021லும் அனுமதித்தது. வாட்ச்மேன் என்ற பெயர் அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “வாசல்ல ஆள் நிறுத்துறாங்க” என்று கோப்பிக்கடை நண்பர்களிடம் சொல்லித் திரிந்தார்.

பார்ப்பதற்கு அது குட்டிக் குடை. நிட்டினால் என்ற உலோகக்கம்பிச் சட்டம், அதன்மேல் மெல்லிய துணி. நிட்டினாலைச் சுருக்கி மெல்லிய குழாய்க்குள் அடைக்கலாம், வெளியே தள்ளினால் தன் பழைய வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். அப்பாவுக்கு வைத்தது 27 மில்லிமீட்டர். நம் ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்று அகலம்.

நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கிலுள்ள ரத்தநாளம் வழியாகக் குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்க மேலறைக்குப் போய், இரு மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் நுழைகிறார்கள். காதுமடலின் வாசலில் குடையை விரிக்கிறார்கள். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவிப்பார்கள். உணவுக்குழாய் வழியே இறக்கப்பட்ட ஸ்கேன் கருவி எல்லாவற்றையும் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சில மாதங்களில் உடலின் சொந்தத் திசு அந்தத் துணியின்மேல் வளர்ந்து மூடிவிடும்.

கேட்டதும் தம்பி, “அப்புறம் என்ன, நாளைக்கே செஞ்சிடலாம்” என்றான். அவன் பொறியாளர். குழாய் கசிந்தால் அடைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த தர்க்கம். அம்மா, “எழுபத்திரண்டு வயசுல இதயத்துல துளை போடணுமா?” என்றார். இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் நான் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த சந்திப்புக்குப் போனேன். நிகழ்ச்சிக்குப் பேட்டி எடுப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். மருத்துவர் அறைக்குள் நுழைந்தவுடன் எல்லாக் கேள்வியும் மறந்துபோகும் என்பது உலக வழக்கம்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோருக்கும் வைப்பதில்லை? இதுதான் முதல் கேள்வி. மருத்துவர் அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மாத்திரையை நன்றாகத் தாங்கிக்கொள்பவருக்கு மாத்திரைதான் முதல் தேர்வு. நீண்ட காலத்துக்கு மாத்திரை ஒத்துவராது என்பதற்குத் தகுந்த காரணம் இருப்பவர்களுக்கே கருவி. மாத்திரை சலிப்பாக இருக்கிறது என்பது காரணமல்ல. ரத்தக்கசிவு திரும்பத் திரும்ப வருவது காரணம். அதோடு, பக்கவாதம் காதுமடலிலிருந்து மட்டுமே வருவதில்லை. கழுத்து நாளங்களில் படியும் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம் என்று வேறு வழிகளும் உண்டு. மாத்திரை உடல் முழுவதும் காவல் காக்கும். கருவி ஒரே ஒரு வாசலில் நிற்கும்.

அடுத்தது, எது தப்பாகப் போகலாம்? இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசியலாம், கருவி இடம் பெயரலாம், ஓரத்தில் இடைவெளி இருந்து கசியலாம், கருவியின் மேலேயே கட்டி உண்டாகலாம். வார்ஃபரினோடு ஒப்பிட்டு 707 பேரிடம் நடத்தி 2009ல் வெளியான முதல் பெரிய ஆய்வில், கருவி மாத்திரைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் கருவி வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு அந்த உறைக் கசிவு ஏற்பட்டது. கருவியும் கைகளும் பழகிய பிறகு இப்போது அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. “ஒன்று என்பது பூஜ்யம் இல்லை” என்றும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

அப்பாவின் பக்கவாத அபாயத்துக்குப் புள்ளிகள் போட்டுக் காட்டினார். 65 வயதைத் தாண்டியதற்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று. மொத்தம் மூன்று. எதுவும் செய்யாமல் விட்டால் ஆண்டுக்கு நூற்றில் சுமார் மூன்று பேருக்குப் பக்கவாதம் வரும் நிலை அது. கேட்க அற்பமாகத் தெரியும். அப்பா இன்னும் பதினைந்து ஆண்டு வாழ வேண்டும் என்று நினைக்கும் மகளுக்கு அது அற்பமல்ல.

செலவைப் பற்றியும் கூச்சமில்லாமல் கேட்டோம். கருவி விலை அதிகம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப், தனிப்பட்ட காப்புறுதி எதில் எவ்வளவு என்பது வார்டு வகுப்பையும் ஆளையும் பொறுத்து மாறும். தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்துவிட்டது நல்லதாயிற்று.

முடிவை அப்பாதான் எடுத்தார். நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தபோது, “அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்று கிளம்பினார். போய் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து “செஞ்சிக்கிறேன்” என்றார். “பெரியப்பாகிட்ட கேட்டீங்களா?” என்றேன். “கேட்டேன். ஆமான்னு சொன்னாரு” என்று சிரித்தார்.

மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை. முழு மயக்கம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காத்திருப்போர் பகுதியில் அம்மா கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், தம்பி திறன்பேசியில் கருவியின் காணொளியை நான்காவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மாலை அப்பா வீட்டில் இருந்தார். தொடையில் ஒரு நீலநிறத் தழும்பு, தொண்டையில் கரகரப்பு, அவ்வளவே.

கருவி வைத்த அன்றே மாத்திரை முடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றமே. திசு மூடும்வரை கட்டி உண்டாகாமல் காக்க ஏதாவது ஒரு மருந்து வேண்டும். எது, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவின் குடலை நினைத்து மருத்துவர் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். உண்மையில் நாங்கள் அதிகம் பயந்தது அறுவைக்கூடத்தில் அல்ல, அந்த மூன்று மாதத்தில்தான். காலையில் கழிவறையிலிருந்து அப்பா வெளியே வந்ததும் அம்மா கேட்கும் கேள்வியை இங்கே எழுத முடியாது. ஆறு வாரத்தில் மீண்டும் ஸ்கேன். கசிவு இல்லை, கட்டி இல்லை. இப்போது ஆஸ்பிரின் மட்டும். இதுவரை ரத்தம் போகவில்லை. இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

நவம்பரில் வந்த செய்தி

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் 2025 நவம்பரில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஜெர்மனியில், பக்கவாத அபாயமும் ரத்தக்கசிவு அபாயமும் அதிகமுள்ள முதியவர்களிடம் இந்த அடைப்புச் சிகிச்சையையும் மருந்துச் சிகிச்சையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அடைப்பு, மருந்துக்குச் சமம் என்று அதில் நிரூபிக்க முடியவில்லை.

நிகழ்ச்சி தொடங்க இருபது நிமிடம் இருந்தது. அன்று எப்படிப் பேசினேன் என்று நினைவில்லை. தவறான முடிவுக்கு அப்பாவைத் தள்ளிவிட்டோமோ?

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 80ஐ நெருங்கியது, பலருக்கு வேறு நோய்களும் இருந்தன, அத்தகையவர்களுக்கு எந்தக் குழாய்ச் சிகிச்சையும் சுமைதான் என்றார். மருந்தை எடுக்க முடிந்தவர்களை அவசரப்பட்டு அடைப்புக்கு அனுப்பக்கூடாது என்பதற்கு அது நல்ல எச்சரிக்கை என்றார். “உங்கள் அப்பாவுக்கு நான் ஒப்பிட்டது கருவியையும் மாத்திரையையும் இல்லை. கருவியையும் பிஸ்கட் டின்னையும்” என்றார்.

எங்கள் கதையைக் கேட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் கருவி கேட்டுப் போக வேண்டாம். ஆனால் வீட்டில் ஏஎஃப் உள்ள அப்பாவோ அம்மாவோ இருந்தால், மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதட்டாமல் கேளுங்கள். நின்றுபோயிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தோடு மருத்துவரைப் பாருங்கள். இன்னும் கண்டறியப்படாதவர்களுக்கு இரண்டு விரல் போதும். மணிக்கட்டில் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுத்துவிடலாம். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலத்தைத் தேடாதீர்கள். 995.

கருவி ஏஎஃப்பைக் குணப்படுத்தாது. இது பலருக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரியவில்லை. கட்டி வெளியேறும் வழியைத்தான் அது அடைக்கிறது, நடுக்கம் அப்படியே இருக்கும். சென்ற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சமையலறையில் முருங்கைக்கீரை வதங்கும் வாசனை. கருவியின் அட்டையை ஈசி-லிங்க் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கும் அப்பா, அதை உருவி அண்ணனிடம் காட்டி, சாங்கி விமான நிலையத்தில் இது சத்தம் போடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு நெருங்கி வந்தன, ஒன்று பிந்தியது.

“எப்படி இருக்கு?” என்றார்.

“தாளம் இன்னும் சேரலைப்பா.”

“ஆமா” என்றார் பெரியப்பா.